15 நாள் லீவு: ஆறு ஊரா, ஒரே ஊரா?

சில வருடங்களுக்கு முன்னால் 11 நாளில் 6 நகரங்களைச் சுற்றிவிட்டு வந்தேன். போனில் 2,000 படங்களுக்கு மேல் இருந்தன. வீட்டில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா மகள் கேட்டாள்: "மாமா, அங்க பசங்க ஸ்கூலுக்கு எப்படிப் போவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. கோபுரத்தின் உயரம் தெரிந்தது. அரண்மனையைக் கட்டிய ராஜாவின் பெயர் தெரிந்தது. எந்த அருங்காட்சியகத்துக்கு என்றைக்கு விடுமுறை என்பதுகூடத் தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் தினமும் காலையில் நான் தங்கியிருந்த தெரு வழியாகத்தான் போயிருப்பார்கள். அந்த நேரத்தில் நான் ஹோட்டல் வரவேற்பறையில் குனிந்தபடி அடுத்த ரயிலுக்கு டிக்கெட் தேடிக்கொண்டிருந்தேன்.

பயணம் போனால் மனம் விரியும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எப்படிப் போனால் என்று யாரும் சொல்வதில்லை. குழுவோடு போவதா, தனியாகப் பல ஊர் சுற்றுவதா, ஒரே ஊரில் கிடப்பதா, யார் வீட்டிலாவது தங்குவதா, ஏதாவது வேலையில் கைகொடுத்துக்கொண்டு இருப்பதா? லீவும் பணமும் அளவோடுதான் இருக்கின்றன, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இந்த ஐந்தையும் நான் வெவ்வேறு காலத்தில் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்திருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப்போகத் தெரிந்துவிடும், மறைக்கப் போவதில்லை.

எதை வைத்து அளப்பது

முதலில் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். மனம் விரிவது என்றால் நிறையத் தகவல் சேர்வது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. தகவல் வீட்டில் உட்கார்ந்தே கிடைக்கும். இதுவரை 'இப்படித்தான் இருக்கும், வேறு எப்படி இருக்கும்?' என்று நினைத்திருந்த ஒரு பழக்கம், பல வழிகளில் ஒரு வழிதான் என்று திடீரெனத் தெரிகிறதே, அதைத்தான் சொல்கிறேன். வெளியூரைப் பார்க்கப் போன கண் நம் வீட்டுப் பக்கம் திரும்புகிற இடம் அது.

1956இல் ஹொரேஸ் மைனர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 'நாசிரெமா' என்ற ஒரு விநோத இனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அந்த மக்களுக்கு வீட்டுக்கு வீடு ஒரு வழிபாட்டு அறை உண்டு. அதன் சுவரில் மந்திரப் பொருள்கள் அடைத்த ஒரு பெட்டி. அதன் முன் நின்று, கொஞ்சம் பன்றி மயிரை மந்திரப் பொடியோடு வாய்க்குள் விட்டு ஆட்டுவது அவர்களின் தினசரிச் சடங்கு. வருடத்துக்கு ஓரிரு முறை வாய்ப் பூசாரியிடம் போய் வலியை அனுபவித்துவிட்டு வருவார்கள். வாசிக்கிறவருக்கு 'ஐயோ பாவம்' என்றிருக்கும். 'அமெரிக்கன்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் வருவதுதான் நாசிரெமா. அந்த அறை குளியலறை, அந்தச் சடங்கு பல் தேய்ப்பது, அந்தப் பூசாரி பல் டாக்டர். எனக்கு வேண்டியது இந்தத் திருப்பம்தான். எந்த வகைப் பயணம் இதை அடிக்கடி தருகிறது என்பதே கேள்வி.

நிறைய ஊர் பார்த்தால் தானாகவே வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இபின் பதூதா என்ற பயணி 1325இல், 21 வயதில், மொராக்கோவின் தாஞ்சியரிலிருந்து கிளம்பினார். ஏறக்குறைய 30 வருடம் சுற்றினார். அவ்வளவு தூரம் சுற்றிய பிறகும் மாலத்தீவில் நீதிபதியாக உட்கார்ந்ததும் அவர் செய்த காரியங்களில் ஒன்று, அங்கிருந்த பெண்கள் தன் ஊர் முறைப்படி உடம்பை மூட வேண்டும் என்று உத்தரவு போட்டது. அது நடக்கவில்லை என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல நான் யார், அவர் எழுதி வைக்காவிட்டால் அந்தக் காலத்து மாலத்தீவைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்காது. ஆனால் கால் போன தூரமும் மனம் போன தூரமும் ஒன்றில்லை என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

குழுவோடு போவது

1841 ஜூலை 5ஆம் தேதி, தாமஸ் குக் என்பவர் சுமார் 500 பேரை இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் அழைத்துப் போனார். மதுவிலக்குக் கூட்டத்துக்கான பயணம் அது. டிக்கெட், நேரம், ஏற்பாடு எல்லாவற்றையும் வேறொருவர் பார்த்துக்கொள்ள, நாம் ஏறி உட்கார்ந்தால் போதும் என்கிற வசதி அப்படித்தான் ஒரு தொழிலாக வளர்ந்தது. அந்த வசதியை இளக்காரமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. முட்டி வலி உள்ளவர்கள், முதல்முறையாக வெளிநாடு போகிறவர்கள், தனியாகப் போகத் தயங்குகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் குழு இல்லாவிட்டால் பயணமே இல்லை.

ஆனால் நம் அளவுகோலுக்கு அது எப்படி? சுமார்தான். காரணம் கைடோ பேருந்தோ அல்ல. பேருந்துக்குள் நாம் நம்மோடேயே இருக்கிறோம். ஜன்னலுக்கு வெளியே எதைப் பார்த்தாலும் அடுத்த நொடியே பக்கத்து இருக்கைக்காரரிடம் நம் மொழியில், நம் ஊர் அளவுகோலில் தீர்ப்பு சொல்லி முடித்துவிடுகிறோம். "நம்ம ஊர்ல இப்படி இருந்தா நடக்குமா?" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், பேருந்தே தலையாட்டும். புரியாததைக் கொஞ்ச நேரம் புரியாமலேயே வைத்திருக்கக் குழு விடுவதில்லை.

இன்னொன்று, மேடை. எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1959இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மனிதர்களின் அன்றாட நடத்தைக்கு நாடகம்போல ஒரு முன்மேடையும் ஒரு பின்கட்டும் உண்டு என்றார். டீன் மெக்கேனல் என்ற இன்னொரு சமூகவியலாளர் 1973இல் அதைச் சுற்றுலாவுக்குப் பொருத்தினார். சுற்றுலாப் பயணி பின்கட்டைப் பார்க்கத் துடிக்கிறார், அதனால் பின்கட்டு மாதிரியே ஒரு முன்மேடையைக் கட்டிக் காட்டுகிறார்கள் என்றார். 'மரபு கிராமம்', 'உள்ளூர் மாலை நிகழ்ச்சி' என்று திட்டத்தில் இருப்பதில் பெரும்பாலானவை இந்த வகை. அதிலும் பார்க்க விஷயம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஆடியவர்கள் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பைக்கில் ஏறிப் போவார்கள். அந்த ஐந்து நிமிடம் அதற்கு முன்னால் பார்த்த ஒரு மணி நேரத்தைவிட எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

குழுவில்தான் போகப் போகிறீர்கள் என்றால், நடுவில் ஒரு நாள் 'எனக்குத் தலைவலி' என்று சொல்லித் தங்கிவிடுங்கள். பொய்தான், பரவாயில்லை. அந்த ஒரு நாளில் ஹோட்டலைச் சுற்றியுள்ள நாலு தெருவைக் காலை, மதியம், மாலை என மூன்று தடவை நடந்து பாருங்கள்.

தனியாகப் பல ஊர்

இதுதான் நான் 11 நாளில் செய்தது. இதற்கு ஒரு நியாயம் உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது ஊர் வேண்டும்தானே? ஒரே நாட்டில் இரண்டு நகரங்களைப் பார்த்தாலே 'இந்த நாட்டுக்காரர்கள் இப்படித்தான்' என்ற பொதுப்பேச்சு வாயிலிருந்து வருவது குறையும்.

ஆனால் ஒப்பிட வேண்டுமானால் ஒரே விஷயத்தை ஊருக்கு ஊர் பார்க்க வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது ராபர்ட் லெவைனும் அரா நோரன்சயானும் 1999இல் வெளியிட்ட ஆய்வு. 31 நாடுகளில் வாழ்க்கையின் வேகத்தை அளந்தார்கள். எப்படி? நகர மையத்தில் மக்கள் 60 அடி தூரத்தை எவ்வளவு நேரத்தில் நடந்து கடக்கிறார்கள், தபால் நிலையத்தில் ஒரு தபால்தலை கேட்டால் கைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது, பொது இடத்துக் கடிகாரங்கள் எவ்வளவு துல்லியமாக ஓடுகின்றன. மூன்றே மூன்று. கருவி என்று பார்த்தால் ஒரு கைக்கடிகாரம் போதும். எந்த நாடு முந்தியது என்பது எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. ஒரு ஊரின் குணம் என்று நாம் காற்றில் பேசுவதை இப்படிக் கையில் பிடிக்கக்கூடிய மூன்று காரியமாக மாற்றினார்களே, அந்தச் சாமர்த்தியத்தைத்தான் ரசிக்கிறேன். பல ஊர் போகிறவர் இதே மாதிரி ஒரு சின்னக் கேள்வியைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் இடையே எவ்வளவு தூரம்? பேருந்தில் முதியவர் ஏறினால் யார் எழுந்திருக்கிறார்கள், எவ்வளவு சீக்கிரம்? அப்பாவும் அம்மாவும் குழந்தையும் நடந்து போனால் யார் கையில் குழந்தை?

இப்படி ஒரு கேள்வி இல்லாமல் போனால் ஊர்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். எனக்கு அதுதான் நடந்தது. ஒவ்வொரு ஊரிலும் முதல் நாள்தான் வாழ்ந்தேன்: ஸ்டேஷனிலிருந்து அறைக்கு வழி, சாவி, வைஃபை, அடுத்த டிக்கெட். ஆறு ஊரின் முதல் நாள்களும் அச்சடித்த மாதிரி ஒரே போல இருந்தன.

ஆராய்ச்சியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. வில்லியம் மேடக்ஸும் ஆடம் கலின்ஸ்கியும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாட்டில் வாழ்ந்த அனுபவம் படைப்பூக்கச் சோதனைகளில் நல்ல பலனோடு சேர்ந்து வந்தது. வெறுமனே பயணம் போன அனுபவம் அப்படி வரவில்லை. அந்தச் சோதனைகளில் ஒன்று மெழுகுவர்த்திப் புதிர். ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறையக் குத்தூசிகள். மெழுகு தரையில் சொட்டாமல் மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். குத்தூசிகள் இருந்த பெட்டியைக் காலி செய்து அதையே தாங்கியாகச் சுவரில் குத்துவதுதான் விடை. ஒரு பொருள் ஒரு வேலைக்குத்தான் என்ற நினைப்பு விலகினால் உடனே தெரிந்துவிடும். 2018இல் ஹாஜோ ஆடம் குழுவினரோடு கலின்ஸ்கி செய்த இன்னொரு ஆய்வில், எத்தனை நாடுகளில் இருந்தார்கள் என்பதைவிட எவ்வளவு காலம் இருந்தார்கள் என்பதே தன்னைப் பற்றிய தெளிவோடு தொடர்பு காட்டியது. இதை வைத்து 'பத்து நாள் ஒரே ஊரில் இருந்தால் மேதை ஆகிவிடலாம்' என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் பேசுவது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வாழ்ந்தவர்களைப் பற்றி. திசை எது என்பது மட்டும் தெரிகிறது, அது போதும்.

ஒரே ஊரில் கிடப்பது

இதைத்தான் நான் பெரும்பாலும் பரிந்துரைப்பேன். சொன்னதும் நண்பர்கள் கேட்பது, "போர் அடிக்காதா?" அடிக்கும். மூன்றாவது நாள் நிச்சயம் அடிக்கும். அது அடித்த பிறகுதான் கண் திறக்கிறது.

எப்படி என்றால், முதல் நாள் எல்லாமே வித்தியாசமாக இருக்கும், அதனால் எது முக்கியம் என்று தெரியாது. இரண்டாம் நாளும் அதே பூங்கா, அதே பெஞ்சு, அதே நேரம். நேற்றுப் பார்த்த பெரியவர் இன்றும் அதே நேரத்துக்கு வருகிறார், அதே ஆளுக்குப் பக்கத்தில் உட்காருகிறார், ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான்காம் நாள் அந்தப் பக்கத்து ஆள் வரவில்லை. பெரியவர் உட்காராமல் நின்றுகொண்டே இருக்கிறார். இப்போதுதான் தெரிகிறது, பேசாமல் உட்கார்ந்திருந்ததே ஒரு பெரிய உறவு என்று. முதல் நாளோடு கிளம்பியிருந்தால் 'இந்த ஊரில் யாரும் யாரோடும் பேசுவதில்லை' என்று எழுதி வைத்திருப்பேன். உண்மையில் அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தேன், அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு இன்னொரு பலன் உண்டு. அவர்களும் உங்களைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். மூன்றாம் நாள் ஒரு தலையசைப்பு. ஐந்தாம் நாள் யாராவது வந்து, 'நீ யார், இங்கே என்ன செய்கிறாய்?' என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லத் தடுமாறும்போதுதான், வேலை, குடும்பம், சொந்த ஊர் என்று நாம் வழக்கமாக நீட்டுகிற அறிமுகத்தில் எது இங்கே பொருள்படுகிறது, எது படவில்லை என்று தெரியும்.

எரிச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலேர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையில் பண்பாட்டு அதிர்ச்சியை ஒரு நோய்போல விவரித்தார். அந்த உரை 1960இல் கட்டுரையாக வெளிவந்தது. அவர் கணக்குப்படி முதலில் தேனிலவு. எல்லாம் அழகு, எல்லாரும் நல்லவர்கள். அப்புறம் எரிச்சலும் விரோதமும். அதற்குப் பிறகுதான் மெல்லத் தேறுவதும் பொருந்திப்போவதும். பெரும்பாலான சுற்றுலாக்கள் தேனிலவிலேயே முடிந்துவிடுகின்றன. 'அங்கே மக்கள் எவ்வளவு அன்பானவர்கள் தெரியுமா!' என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறோம். சந்தோஷம்தான், ஆனால் அது அந்த மக்களைப் பற்றிய செய்தியே இல்லை, நம் லீவு மனநிலையைப் பற்றிய செய்தி.

எரிச்சல் வரும்வரை இருந்தால்தான் விஷயம் கிடைக்கிறது. எது என்னை எரிச்சல்படுத்துகிறதோ அங்கே எனக்குத் தெரியாமலேயே நான் கடைப்பிடிக்கிற ஒரு விதி ஒளிந்திருக்கிறது. ஒருவர் பேசும்போது மிக நெருங்கி வந்து நின்றால் நான் ஒரு அடி பின்னால் போகிறேன், அவர் ஒரு அடி முன்னால் வருகிறார். எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் 1966இல் இந்த இடைவெளிகளை அடி, அங்குலக் கணக்கில் எழுதி வைத்தார். அவர் கவனித்த அமெரிக்கர்களுக்குச் சுமார் 45 செ.மீ. வரை மிக நெருங்கியவர்களுக்கு, 1.2 மீட்டர் வரை தெரிந்தவர்களுக்கு, 3.6 மீட்டர் வரை அலுவல் பேச்சுக்கு. இது எல்லாப் பண்பாட்டுக்கும் பொருந்தாது என்பதே அவர் சொல்ல வந்தது. எனக்கு அவர் 'அத்துமீறுகிறார்'. அவருக்கு நான் 'முகம் கொடுக்க மாட்டேன் என்கிறேன்'. இரண்டு பேருமே மரியாதையாகத்தான் நடந்துகொண்டிருக்கிறோம்.

இந்த வழியின் தாத்தா என்று மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியைச் சொல்லலாம். முதல் உலகப்போர்க் காலத்தில் நியூகினி பக்கத்து ட்ரோப்ரியாண்ட் தீவுகளில், கிராமத்தின் நடுவிலேயே கூடாரம் அடித்துத் தங்கினார். காலையில் எழுந்தால் ஊர் விழிப்பதைப் பார்க்கலாம், சண்டை வந்தால் நடக்கும்போதே கேட்கலாம். ஆனால் அவர் இறந்து 25 வருடம் கழித்து, 1967இல் அவருடைய நாட்குறிப்பு அச்சாகி வந்தபோது பலருக்கு அதிர்ச்சி. அந்தத் தீவுவாசிகள்மேல் அவருக்கு வந்த எரிச்சல், சலிப்பு, இழிவான பேச்சு எல்லாம் அதில் இருந்தன. அருகில் இருந்தால் அன்பு தானாக ஊறும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. கவனித்தது உண்மை, வெறுத்ததும் உண்மை.

எழுதும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் பார்த்ததை மட்டும், வலப்பக்கம் நான் நினைத்ததை மட்டும் எழுதுகிறேன். 'கோபமாகப் பேசினார்' என்பது வலப்பக்கம். 'குரல் உயர்ந்தது, கை ஆடியது, பேசி முடித்ததும் இருவரும் சிரித்தார்கள்' என்பது இடப்பக்கம். ஒரு வாரம் கழித்துப் படித்தால் வலப்பக்கத்தில் பாதியை அடிக்க வேண்டியிருக்கும். கேமரா இதற்கு ஈடாகாது. லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் படம் எடுத்த பொருள்களைவிட வெறும் கண்ணால் பார்த்த பொருள்கள்தான் நன்றாக நினைவில் இருந்தன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த இழப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் வந்தது. என் 2,000 படங்களை நினைத்துக்கொண்டேன்.

ஒரு வீட்டில் தங்குவது

ஹோம்ஸ்டேயை ஒரே ஊர்த் தங்கலின் இன்னும் நல்ல வடிவம் என்று சிலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. வீட்டுக்குள் போனால் தெருவில் தெரியாதது தெரியும்: யார் கடைசியில் தூங்கப் போகிறார்கள், டிவி ரிமோட் யார் கையில், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறார்களா, தட்டாமல் வருகிறார்களா. ஆனால் விருந்தாளி வந்த வீடு அன்றாட வீடு இல்லை. நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்பதாலேயே சண்டை நிற்கும், பிள்ளைகள் ஒழுங்காக உட்காருவார்கள், நல்ல விரிப்பு வெளியே வரும். மெக்கேனல் சொன்ன மேடைதான், கொஞ்சம் அன்பான மேடை.

காசு கொடுத்துத் தங்கும் வீடு ஒரு வகை, காசில்லாத வகை வேறு. 1949இல் டென்மார்க்கில் தொடங்கிய செர்வாஸ் என்ற அமைதி இயக்கம் பயணிகளை உறுப்பினர்களின் வீட்டில் தங்க வைக்கிறது. வழக்கமாக இரண்டு இரவு, பணம் கிடையாது. பேசுவதுதான் நோக்கம். 2004இல் வந்த கவுச்சர்ஃபிங் அதே எண்ணத்தை இணையத்துக்குக் கொண்டுபோனது. இப்படிப் போகிறவர் நேரத்தைக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். நாள் முழுக்க ஊர் சுற்றிவிட்டு ராத்திரி வந்து படுத்தால் அது ஓசி லாட்ஜ், அவ்வளவுதான்.

ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு நாட்டையே பார்த்ததாக நினைப்பது இதில் பெரிய ஆபத்து. அந்நியரை வீட்டில் சேர்க்கிற குடும்பம் எந்த ஊரிலும் சராசரிக் குடும்பம் இல்லை. கொஞ்சம் துணிச்சலானவர்கள், கொஞ்சம் படித்தவர்கள், கொஞ்சம் பேச்சுப் பிரியர்கள்.

வேலை செய்துகொண்டு இருப்பது

கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இல் ஒன்று சொன்னார். இரண்டு கூட்டத்தார் சும்மா பார்த்துக்கொண்டால் தப்பெண்ணம் குறையாது, சம நிலை, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, மேலிடத்து ஆதரவு என்ற நான்கும் இருந்தால் குறையும் என்பது அவர் வாதம். தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா ட்ராப்பும் 2006இல் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஒருவரோடொருவர் பழகுவது பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது, அந்த நான்கும் கட்டாயமில்லை, ஆனால் இருந்தால் பலன் கூடுகிறது என்று கண்டார்கள்.

ஹோட்டலில் அறை துடைப்பவரும் நானும் தினமும் சந்திக்கிறோம். அங்கே சம நிலை இல்லை, பொது இலக்கும் இல்லை. ஒரு தோட்டத்தில் களை எடுக்கும்போது இரண்டும் இருக்கின்றன. அங்கே நான்தான் கற்றுக்குட்டி, அவர்தான் ஆசான். 1971இல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் அமைப்பு இப்படித்தான் நடக்கிறது. இயற்கை விவசாயப் பண்ணையில் நாளுக்குச் சில மணி நேரம் வேலை, பதிலுக்குத் தங்கல், சாப்பாடு. மொழி தெரியாவிட்டாலும் வேலை பேசும். நான் ஒரு பண்ணையில் இருந்த ஆறு நாளில் பேசிய சொற்கள் நூறுகூட இருக்காது. ஆனால் ஒருவர் என்னைத் திருத்த நினைத்தால் நேரடியாகச் சொல்லாமல், நான் செய்ததை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலேயே தான் சரியாகச் செய்து காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார் என்பதைக் கவனித்தேன். நான் வேலை சொல்லிக்கொடுக்கும் விதம் எவ்வளவு சத்தமானது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இதில் ஒரு வகையை மட்டும் நான் திட்டவட்டமாக வேண்டாம் என்பேன். அனாதை இல்லங்களில் ஓரிரு வாரம் 'சேவை'. கம்போடியா, நேபாளம் போன்ற நாடுகளில் இப்படி வருகிற பயணிகளின் பணத்துக்காகவே இல்லங்கள் பெருகியதும், பெற்றோர் உயிரோடு உள்ள பிள்ளைகளையே அங்கே கொண்டுவந்து வைத்ததும் நன்றாகவே பதிவாகியிருக்கின்றன. பழகிய இரண்டாம் வாரமே விட்டுவிட்டுப் போகிற அண்ணன், அக்காக்கள் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நல்லது செய்துவிட முடியும்? நம் மனம் விரிய அவர்கள் செலவாகக் கூடாது.

மொழி எவ்வளவு வேண்டும்

எந்த வழியில் போனாலும் இந்தக் கேள்வி வரும். 1030 வாக்கில் மத்திய ஆசிய அறிஞர் அல்பிரூனி இந்தியாவைப் பற்றிய தன் பெரிய நூலை எழுதியபோது, இந்த மக்களைப் புரிந்துகொள்ளத் தடையாக இருப்பவற்றில் முதலாவதாக மொழியைத்தான் குறிப்பிட்டார். சமஸ்கிருதம் கற்றுக்கொண்டு அந்தத் தடையை ஓரளவு தாண்டவும் செய்தார். இரண்டு வார லீவில் அது நடக்காது. நாற்பது, ஐம்பது சொல் போதும் என்பது என் கட்சி. அதில் வணக்கம், நன்றியைவிட முக்கியமானது ஒரு கேள்வி: 'இதை எப்படிச் செய்வது?' இதைக் கேட்டால் நீங்கள் தெரியாதவர் ஆகிவிடுகிறீர்கள், எதிரில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசை வந்துவிடும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

நாலைந்து நாள்தான் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒரே ஊர், அதிலும் ஒரே பேட்டை. இரண்டு வாரம் என்றால் பத்து நாள் ஒரே ஊர், மீதி நாள் அதிலிருந்து வெகுவாக வேறுபட்ட இன்னொரு ஊர். கையில் மேலே சொன்ன மாதிரி ஒரு கேள்வி. ஒரு மாதம் கிடைத்தால் பாதியை வேலை செய்வதில் போடுங்கள். தங்கும் வீட்டை வேலைக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது, முன்னால் வேண்டாம். வெளியே கொஞ்சம் பழகிய பிறகு வீட்டுக்குள் போனால் எது மேடை, எது இல்லை என்று ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும்.

வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்குக் குழுதான், கூடவே அந்தத் தலைவலி நாள். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் கண்டிப்பாக ஒரே ஊர். பூங்காவில் குழந்தையை இறக்கிவிட்டால் ஒரு மணி நேரத்தில் நாலு பெற்றோரோடு பேசியிருப்பீர்கள், நானெல்லாம் தனியாக உட்கார்ந்து அதற்கு ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். தனியாகப் போகும் பெண்கள் எந்த நேரத்தில் எந்த பெஞ்சில் உட்காரலாம் என்பதை உள்ளூர்ப் பெண்கள் உட்காருகிறார்களா என்று பார்த்து முடிவு செய்யலாம். என் தோழி ஒருத்தி அப்படித்தான் செய்கிறாள், அதுவே அந்த ஊரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும் என்கிறாள்.

வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அந்த நாட்டுக்குப் போக முடியும், புகழ்பெற்ற இடங்களைப் பார்க்காமல் வந்தால் மனசு ஆறாது என்கிறவர்கள் ஆறு ஊரையும் தாராளமாகப் பார்த்துவிட்டு வரட்டும். அழகான கட்டடத்தைப் பார்ப்பதும் பயணம்தான். என் அளவுகோலைத் தூக்கி எல்லார் தலையிலும் வைக்க மாட்டேன்.

அடுத்த முறை நான் ஒரே ஊரில் ஒன்பது நாள் இருந்தேன். திரும்பி வந்தபோது படம் 60தான் இருந்தது. அக்கா மகளிடம் நானே போய்ச் சொன்னேன்: "அங்க பசங்க நடந்துதான் போறாங்க. பெரியவங்க யாரும் கூட வர்றதில்ல. மூணாவது வீட்டுப் பையன் வந்து வாசல்கிட்ட நிப்பான், சத்தம் போட்டுக் கூப்பிட மாட்டான். உள்ள இருக்கிற பொண்ணு ஜன்னல் வழியா பாத்துட்டுத் தானே வெளிய வருவா. ரெண்டு பேருமா அடுத்த வீட்டுல போய் நிப்பாங்க. தெருமுனைக்குப் போறதுக்குள்ள ஏழு பேர் ஆயிடுவாங்க. கடைசியா வர்ற பெரிய பொண்ணு எல்லாரையும் ஒரு தடவை எண்ணிப் பாப்பா."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "மாமா, என்னை ஏன் வேன்ல அனுப்புறாங்க?" என்றாள். அக்கா என்னைத் திரும்பி முறைத்தாள்.